படகை மரீனாவில் கட்டுவதா, வீட்டுக்கு இழுத்து வருவதா? ஒன்ராறியோ படகுக்காரருக்கான முழுமையான வழிகாட்டி

ரொறன்ரோ பக்கம் முதல் படகு வாங்குபவர்கள் பெரும்பாலும் ஒரே வரிசையில்தான் போகிறார்கள். முதலில் படகு, பிறகு அதை இழுக்க வாகனம், கடைசியில் நிறுத்த இடம். இந்த வரிசையைத் திருப்பிப் போட்டால் பாதிச் சிக்கல் வராது. கீழே உள்ள படிகளை எழுதியிருக்கும் ஒழுங்கிலேயே செய்யுங்கள். முதல் மூன்றில் ஏதாவது ஒன்றில் "முடியாது" என்று விடை வந்தால், ட்ரெய்லர் கணக்கை அங்கேயே நிறுத்திவிட்டு ஏழாம் படிக்குப் போகலாம்.

16 முதல் 22 அடி வரையான மோட்டார் படகை மனதில் வைத்து எழுதுகிறேன். அதற்கு மேல் போனால் பெரும்பாலானோருக்கு மரீனாதான் (கட்டணத்துக்குப் படகைத் தண்ணீரில் கட்டி வைக்கும் துறை) வழி.

கையில் இருக்க வேண்டியவை: ஒரு நீள அளவு நாடா, உங்கள் வாகனத்தின் கையேடு, படகின் எடை விவரம், வீட்டு முகவரிக்கான மாநகர விதி, இந்த வருட நாட்காட்டி. படகோட்டி அட்டையும், மோட்டார் 10 குதிரைவலு அல்லது அதற்கு மேல் என்றால் படகு உரிம இலக்கமும் இரண்டு வழிக்கும் தேவை. அவற்றை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

1. படகை அளந்து எடை போடுங்கள்

அகலத்தில் தொடங்குங்கள். ஒன்ராறியோ வீதிகளில் சிறப்பு அனுமதி இல்லாமல் இழுக்கக்கூடிய அகலம் 2.6 மீற்றர், ஏறத்தாழ எட்டரை அடி. 22 அடிக்கு உட்பட்ட படகுகள் பெரும்பாலும் இதற்குள் அடங்கும். மிதவைக் குழாய்கள்மேல் தட்டையான தளம் உள்ள பொன்டூன் படகுகள் சில மட்டும் எல்லையில் நிற்கும்.

அடுத்தது எடை. விளம்பரத் தாளில் போட்டிருப்பது வெறும் படகின் எடை. பெற்றோல், பற்றரி, நங்கூரம், உயிர்காப்பு அங்கிகள், கயிறு, ஐஸ் பெட்டி எதுவும் அதில் இல்லை. ட்ரெய்லரின் எடையும் இல்லை. பெற்றோல் ஒரு லீற்றர் முக்கால் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. 90 லீற்றர் தாங்கி நிறைந்தால் அதுவே 67 கிலோ.

பதினெட்டரை அடி குடும்பப் படகு ஒன்றை எடுத்துக்கொள்வோம். படகு 1,050 கிலோ, ட்ரெய்லர் 350, பெற்றோல் 67, சாமான்கள் 100. கூட்டினால் 1,567 கிலோ. "ஒரு தொன் படகு" என்று சொல்லி விற்றது வீதிக்கு வரும்போது ஒன்றரைத் தொன்னைத் தாண்டிவிடுகிறது.

பழைய படகு என்றால் காகிதத்தை நம்பவே வேண்டாம். தளத்துக்கு அடியில் இருக்கும் நுரை வருடக்கணக்கில் தண்ணீர் குடித்திருக்கலாம். லொறிகள் எடை போடும் பொதுத் தராசில் ஒருமுறை ஏற்றிப் பாருங்கள். அதற்கான கட்டணம் சில்லறைக் காசு.

2. வாகனம் உண்மையில் இழுக்குமா?

எங்கள் ஆட்கள் அதிகம் இடறுவது இங்கேதான். ஹிட்ச் பூட்டியிருப்பதால் வாகனம் இழுக்கும் என்று அர்த்தமில்லை. ஹிட்ச் ட்ரெய்லரைக் கொழுவும் ஒரு இரும்புத் துண்டு. வாகனத்தின் இழுவை எல்லை எஞ்சின், கியர்பெட்டி, பிரேக், சட்டகம் எல்லாவற்றையும் பார்த்துத் தயாரிப்பாளர் எழுதியது. கையேட்டில் அந்தப் பக்கத்தை நீங்களே கண்ணால் பாருங்கள். விற்பனையாளர் வாயால் சொல்வது போதாது.

சியன்னா வானின் எல்லை 3,500 இறாத்தல், அதாவது ஏறத்தாழ 1,590 கிலோ. பெற்றோலில் ஓடும் சிஆர்-வி 1,500 இறாத்தல்தான், 680 கிலோ. சிறிய அலுமினிய மீன்பிடி படகுக்கு மேல் அதில் யோசிக்கவே கூடாது. வி6 எஞ்சின் உள்ள ஹைலாண்டர் 5,000 இறாத்தல் வரை போகும். ஒரே பெயருள்ள வாகனத்திலும் எஞ்சினுக்கும் இழுவைப் பொதிக்கும் ஏற்ப இலக்கம் மாறும், ஆகவே உங்கள் மாதிரி, உங்கள் வருடம் என்று பாருங்கள்.

மேலே கணக்குப் போட்ட 1,567 கிலோவைச் சியன்னாவோடு ஒப்பிட்டால் காகிதத்தில் இருபது சொச்சம் கிலோ மிச்சம் இருக்கிறது. உண்மையில் மிச்சமே இல்லை. அந்த இழுவை எல்லை ஓட்டுநரோடு இன்னொருவர் அளவில் வைத்துச் சொல்லப்படுவது. அம்மா, அப்பா, மூன்று பிள்ளைகள், மாமி, பின்னால் சோற்றுப் பெட்டி என்று ஏற்றினால் அந்த எடை இழுவையிலிருந்து கழிய வேண்டும். அனுபவக்காரர்கள் எல்லையின் 80 சதவீதத்தோடு நின்றுவிடுவார்கள். ஈரமான சரிவிலிருந்து படகை மேலே இழுக்கும்போது ஏன் என்று விளங்கும்.

பிரேக்கையும் கவனியுங்கள். மொத்த எடை 1,360 கிலோவைத் தாண்டும் ட்ரெய்லருக்கு அதற்கென்று சொந்த பிரேக் இருக்க வேண்டும் என்பது ஒன்ராறியோ சட்டம். மேலே சொன்ன படகு அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டது. படகு ட்ரெய்லர்களில் வழக்கமாக வருவது, முன்வாகனம் வேகம் குறைக்கும்போது ட்ரெய்லரின் தள்ளலிலேயே தானாகப் பிடிக்கும் எண்ணெய் பிரேக். பழைய ட்ரெய்லர் வாங்கும்போது அது துருப்பிடித்து இறுகியிருக்கிறதா என்று பார்த்துத்தான் விலை பேச வேண்டும்.

ட்ரெய்லருக்கு இலக்கத்தகடு, எரியும் விளக்குகள், பாதுகாப்புச் சங்கிலி எல்லாம் கட்டாயம். சாதாரண ஜி உரிமம் 4,600 கிலோ வரையான ட்ரெய்லருக்குச் செல்லும், ஆகவே உரிமத்தால் தடை வராது.

3. வீட்டில் நிறுத்த விடுவார்களா?

டிரைவ்வே உங்களுடையதுதான். ஆனால் அதில் எதை நிறுத்தலாம் என்பதை மாநகரம் சொல்லும். முன்முற்றத்தில் படகு, ட்ரெய்லர் நிறுத்துவதற்கு ரொறன்ரோ பெரும்பாகத்தின் பல நகரங்களில் கட்டுப்பாடு உண்டு. நீளம், உயரம், வருடத்தில் எந்த மாதங்கள், வீட்டு முகப்புக்கு எவ்வளவு முன்னால் என்று ஊருக்கு ஊர் வேறுபடும். ரொறன்ரோவுக்குள் என்றால் மாநகரத்தின் 311 தகவல் இலக்கத்தை அழையுங்கள். மற்ற இடங்களில் நகரசபையின் விதிப் பிரிவிடம் முகவரியைச் சொல்லிக் கேளுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் நிறுத்தியிருப்பதை ஆதாரமாக எடுக்காதீர்கள். அவர்மேல் இன்னும் யாரும் முறைப்பாடு போடவில்லை, அவ்வளவுதான்.

டவுன்ஹவுஸ், கொண்டோ என்றால் அந்த நிர்வாகத்தின் விதியையும் பார்க்க வேண்டும். அநேகமாக விடை "இல்லை".

கராஜுக்குள் வைக்கலாம் என்று நினைப்பவர்கள் படகை மட்டும் அளக்கிறார்கள். பதினெட்டு அடி படகு, ட்ரெய்லரின் முன்நாக்கும் பின்னால் தொங்கும் மோட்டாரும் சேர்ந்து 21 முதல் 23 அடி வரும். வழக்கமான கராஜின் ஆழம் இருபது அடியைச் சுற்றி. மடக்கக்கூடிய நாக்குள்ள ட்ரெய்லர் என்றால் இரண்டு மூன்று அடி குறையும். கதவின் உயரத்தையும் கண்ணாடி மறைப்போடு சேர்த்து அளங்கள்.

பனிக்காலத்தையும் இங்கேயே யோசித்துவிடுங்கள். டிரைவ்வேயில் படகு நின்றால் வழித்த பனியை எங்கே குவிப்பது, இரண்டாவது கார் எங்கே நிற்பது? தை மாதம் இரவு பனி வழிப்பவர் நீங்களா, மனைவியா என்பதையும் பொறுத்தது.

4. எந்தத் தண்ணீர்?

ஒரே ஏரியில் ஓடப் போகிறீர்களா, ஒவ்வொரு கிழமையும் வேறிடமா? மீன்பிடிக்காரருக்கு ட்ரெய்லர்தான் சுதந்திரம். இன்றைக்கு ஸ்கூகொக், அடுத்த கிழமை ரைஸ் லேக், பிறகு சிம்கோ. மரீனாவில் கட்டிய படகால் அது முடியாது. பிள்ளைகளை ஏற்றிக் கரையோரம் ஒரு சுற்று, நங்கூரம் போட்டுச் சாப்பாடு, குளிப்பு என்றால் ஒரே இடம் போதும்.

ஸ்காபரோ, பிக்கரிங், ஏஜாக்ஸ் ஆட்களுக்கு ஒன்ராறியோ ஏரி பக்கத்தில். ப்ளஃபர்ஸ் பார்க், ஃபிரெஞ்ச்மன்ஸ் பே, விட்பி என்று மரீனாக்கள் கிட்டவே உண்டு. ஆனால் அது பெரிய தண்ணீர். காலையில் கண்ணாடி போலக் கிடந்துவிட்டு மதியம் காற்று எழும்பினால் பதினாறு அடிப் படகுக்கு இடமில்லை. சிம்கோ ஸ்காபரோவிலிருந்து ஒரு மணித்தியால ஓட்டம். கோடையில் வெள்ளி பின்னேரம் 400, 404 நெடுஞ்சாலைகளில் படகை இழுத்துக்கொண்டு போனால் அந்தக் கணக்கு எடுபடாது.

ஏரி மாற்றுபவர்களுக்குச் சட்டம் ஒன்று உண்டு. 2022 ஜனவரி 1 முதல், படகை வீதியில் கொண்டுபோகுமுன் வடிதுளை மூடிகளைக் கழற்றித் தண்ணீரை வடிக்க வேண்டும். படகிலும் ட்ரெய்லரிலும் ஒட்டிய செடி, பாசி, சிப்பி எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும். வரிக்குதிரைச் சிப்பி ஏரிக்கு ஏரி போவது இப்படித்தான். ஒவ்வொரு பயணத்திலும் இதற்குக் கால் மணி நேரம் ஒதுக்குங்கள்.

5. நாட்களை உண்மையாக எண்ணுங்கள்

முடிவை உண்மையில் தீர்மானிக்கும் படி இதுதான். காசுக் கணக்குக்கு முன்னால் இதைச் செய்யச் சொல்வதன் காரணம், நாட்களின் எண்ணிக்கை இல்லாமல் காசுக் கணக்கு வெறும் ஊகம்.

நாட்காட்டியை விரியுங்கள். விக்டோரியா நாள் வார இறுதியிலிருந்து நன்றிகூறல் நாள் வரை ஏறத்தாழ 21 வார இறுதிகள். இனி வெட்டத் தொடங்குங்கள். கல்யாணங்கள், சாமத்தியவீடு, பிறந்தநாள், கோயில் தேர், ஊர்ச்சங்க ஒன்றுகூடல். எங்கள் கோடை எப்படிப் போகிறது என்று உங்களுக்குத் தெரியும். பிறகு சனிக்கிழமை வேலை, பிள்ளைகளின் தமிழ் வகுப்பு, நீச்சல். மிச்சத்தில் மூன்றிலொன்றை மழைக்கும் காற்றுக்கும் விடுங்கள். பலருக்கு எட்டு, பத்துதான் எஞ்சும்.

அடுத்து, வார நாட்களில் வேலை முடிந்து போக முடியுமா என்று கேளுங்கள். மரீனா வீட்டிலிருந்து இருபது நிமிடத்துக்குள் இருந்தால், ஆறு மணிக்கு வெளிக்கிட்டு ஒன்பதுக்கு வீடு திரும்பலாம். ட்ரெய்லரோடு அது நடக்காது. பூட்டுவது, சோதிப்பது, ராம்பில் (படகைத் தண்ணீரில் இறக்கும் சரிவில்) வரிசை, இறக்குவது, திரும்ப ஏற்றுவது, வடிப்பது, வீட்டில் பின்னோக்கி நிறுத்துவது எல்லாம் சேர்ந்து இரண்டு மணித்தியாலத்துக்குக் குறையாது. மரீனா ஒரு மணித்தியாலத் தூரத்தில் இருந்தால் அதற்கும் இந்த அனுகூலம் இல்லை.

ராம்பில் உங்களோடு யார் நிற்பார் என்பதையும் எழுதுங்கள். ஒருவர் வாகனத்தில், ஒருவர் கயிற்றில். மனைவிக்கோ மூத்த பிள்ளைக்கோ விருப்பமில்லை என்றால், ஒவ்வொரு தடவையும் நண்பனின் நேரம் பார்த்துத்தான் போக வேண்டும். இரண்டாம் கோடையில் டிரைவ்வேயில் உறை போட்டபடியே நிற்கும் படகுகளுக்குக் காசைவிட இதுதான் காரணம் என்பது என் கணிப்பு.

6. இப்போது காசு

மரீனா அடிக்கணக்கில் வாங்கும். அந்த அடி படகின் பெயரில் உள்ள நீளம் அல்ல. பின்னால் நீட்டிய நீச்சல் பலகை, மோட்டார், முன்மூக்கு எல்லாம் சேர்ந்த மொத்த நீளம். பதினெட்டு அடிப் படகு இருபது ஆகலாம். அதன்மேல் 13 சதவீத எச்எஸ்டி விற்பனை வரி.

விலைகள் இடத்துக்கு இடம் பெரிதாக மாறும். கணக்கு முறையைக் காட்ட நானே போட்ட இலக்கங்கள் இவை, உங்கள் விலைகளை வைத்து மாற்றிக்கொள்ளுங்கள். அடிக்கு 100 டொலர் என்றால் 20 அடிக்கு 2,000, வரியோடு 2,260. படகு முழுப் பருவமும் தண்ணீரில் கிடப்பதால் அடிப்பகுதிக்குப் பாசி பிடிக்காத பூச்சு வேண்டும், அதற்கு 200. மொத்தம் 2,460.

ட்ரெய்லர் வழியில், ஒரு தடவைக்கு ராம்ப் கட்டணமும் கூடுதல் பெற்றோலும் 45 என்றும், ரயர், பேரிங் பராமரிப்பு வருடத்துக்கு 250 என்றும் வைப்போம். 12 நாள் போனால் 790. ஒரு நாளுக்கு 66 டொலர்.

மரீனாவுக்கும் 12 நாளால் பிரித்தால் 205 வரும், ட்ரெய்லர் வென்றுவிடும். பலர் இங்கே பேனாவை மூடுகிறார்கள். ஆனால் மரீனா கிட்ட இருந்து, வார நாள் பின்னேரங்களும் சேர்ந்து 25 நாள் போவீர்கள் என்றால் நாளுக்கு 98. வித்தியாசம் 32 டொலர்தான், ஒவ்வொரு தடவையும் இரண்டு மணித்தியாலம் மிச்சம். இரண்டு வழிக்கும் ஒரே நாள் எண்ணிக்கையைப் போடாதீர்கள்.

மறந்துபோகும் செலவுகள் சில. மரீனாவில் கட்டினாலும் ட்ரெய்லர் எங்கேயோ நிற்க வேண்டும், அதை அங்கே விட்டால் தனிக் கட்டணம். ட்ரெய்லரே இல்லையென்றால் வசந்தத்தில் இறக்கவும் இலையுதிர் காலத்தில் தூக்கவும் கட்டணம். காப்புறுதியில், மூன்றாம் தரப்புப் பொறுப்புக்கான சான்று இல்லாமல் மரீனாக்கள் பொதுவாக இடம் தருவதில்லை. ட்ரெய்லர்காரர் கார்க் காப்புறுதி முகவரிடம் "இழுக்கும்போது எது அடங்கும்?" என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். குளிர்காலத்துக்கு எஞ்சினைத் தயார் செய்வது இரண்டு பக்கமும் உள்ள செலவு. உள்ளே தண்ணீர் தங்கி உறைந்தால் எஞ்சின் கட்டை வெடித்துவிடும்.

7. ஸ்லிப்பை நேரில் பாருங்கள்

ஸ்லிப் என்றால் மரீனாவில் ஒரு படகு நிற்கும் தனி இடம். வரைபடத்தைப் பார்த்துப் பணம் கட்டாதீர்கள். காற்றடிக்கும் ஒரு பின்னேரம் போய், உங்களுக்குத் தரப்போகும் அந்த ஸ்லிப்பின் முன்னால் நில்லுங்கள். குறுக்குக் காற்று என்றால் புதியவருக்கு ஒவ்வொரு தடவையும் உள்ளே நுழைவது போராட்டம். வழி குறுகலா, திரும்ப இடம் இருக்கிறதா, பக்கத்துப் படகு எவ்வளவு பெரியது என்று பாருங்கள்.

டாக் (படகைக் கட்டும் மேடை) மிதக்கும் வகையா, நிலையானதா? 2017இலும் 2019இலும் ஒன்ராறியோ ஏரி மிக உயர்ந்தபோது கரையோரத்தில் பல நிலையான டாக்குகள் தண்ணீருக்குள் போயின. மிதக்கும் டாக் மட்டத்தோடு ஏறி இறங்கும்.

மின்சாரம் உள்ள டாக் அருகில் பிள்ளைகளைக் குளிக்க விடவே கூடாது. எங்காவது ஒரு படகின் வயரிங் பழுதானால் மின்சாரம் தண்ணீரில் கசியும். நன்னீரில் அது உப்புநீரைவிட ஆபத்து, ஏனென்றால் நன்னீரைவிட மனித உடல் மின்சாரத்தை எளிதில் கடத்தும்.

ஒப்பந்தத்தில் தேட வேண்டியவை: பருவம் எந்தத் திகதி தொடங்கி எந்தத் திகதி முடிகிறது, நடுவில் படகை விற்றால் மிச்சக் காசு திரும்புமா, வெளியாள் ஒருவரைக் கூட்டிவந்து திருத்த வேலை செய்யலாமா. கடைசிக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. மரீனாவின் சொந்தப் பட்டறை மட்டும்தான் என்று இருந்தால் ஆடி மாதத்தில் வரிசை நீளும்.

மழை பெய்தால் படகுக்குள் தண்ணீர் சேரும். தானியங்கிப் பம்பும் நல்ல பற்றரியும் இல்லாமல் இரண்டு கிழமை பார்க்காமல் விடக்கூடிய இடம் அல்ல மரீனா.

8. ராம்பில் ஒத்திகை

முடிவு ட்ரெய்லர் பக்கம் சாய்ந்தால், வெறும் ட்ரெய்லரோடு ஞாயிறு காலை ஏதாவது பெரிய வெற்று வாகனத் தரிப்பிடத்துக்குப் போங்கள். பின்னோக்கி ஓட்டும்போது கையை ஸ்டீயரிங்கின் அடியில் வையுங்கள். ட்ரெய்லரின் பின்பக்கம் எந்தப் பக்கம் போக வேண்டுமோ, கையை அந்தப் பக்கம் நகர்த்தினால் போதும். நேராகவும் வளைத்தும் நிறுத்தப் பழகிய பிறகு வார நாள் ஒன்றில் ராம்புக்குப் போங்கள். சனிக்கிழமை பத்து மணி, பின்னால் ஆறு வாகனம் காத்திருக்கும்போது பழகும் நேரமல்ல.

ராம்பில் ஒழுங்கு இது. சரிவுக்கு வரமுன், ஒதுக்குப்புறமாக நிறுத்தி: வடிதுளை மூடியைப் போடுங்கள், பின்பட்டிகளைக் கழற்றுங்கள், ட்ரெய்லர் விளக்கு வயரை இழுத்துவிடுங்கள், கயிறும் ஃபெண்டரும் (படகு உரசாமல் தடுக்கும் மெத்தை) கட்டுங்கள், சாமான்களை ஏற்றுங்கள். முன்வின்ச் (படகை ட்ரெய்லரில் இழுத்துப் பிடிக்கும் உருளை) பட்டியையும் சங்கிலியையும் மட்டும் படகு தண்ணீரில் மிதக்கும்வரை தொடாதீர்கள். கழற்றிவிட்டுச் சரிவில் இறங்கினால் படகு கொங்கிரீட்டில் வழுக்கி விழும்.

நான் நிற்கும் நாளெல்லாம் பார்ப்பது வடிதுளை மூடியைத்தான். படகு இறங்கிவிடும், எல்லாரும் படம் எடுப்பார்கள், இரண்டு நிமிடத்தில் பிள்ளை ஒன்று "அப்பா, கால் நனையுது" என்று சொல்லும். மூடி கார்ச் சாவியோடு ஒரே வளையத்தில் தொங்கிக்கொண்டிருக்கும். சாவி வளையம் நல்ல இடம்தான், சாவியைத் திருப்புமுன் பார்த்தால்.

நீண்ட ஓட்டத்துக்குப் பிறகு சக்கர மையங்கள் சூடாக இருக்கும். உடனே குளிர்ந்த தண்ணீரில் இறக்கினால் உள்ளே காற்று சுருங்கித் தண்ணீரை உறிஞ்சும், பேரிங் துருப்பிடிக்கும். மேலே சொன்ன தயாரிப்பு வேலைகளை அந்தச் சூடு தணியும் நேரத்தில் செய்யலாம். கையை மையத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் கொதித்தால் அந்தப் பேரிங் போகப் போகிறது.

ட்ரெய்லர் ரயர் தேயுமுன் வயதாகிவிடும். பக்கச் சுவரில் உள்ள நாலு இலக்கத்தைப் பாருங்கள், முதல் இரண்டு கிழமை, கடைசி இரண்டு வருடம். ஐந்தாறு வருடம் தாண்டியிருந்தால் பூ அழியாமல் இருந்தாலும் மாற்றுங்கள். ட்ரெய்லருக்குப் பொருந்தும் உதிரி ரயரும் அதன் நட்டுக்குப் பொருந்தும் சாவியும் வேண்டும். காரின் நட்டுச் சாவி பல தடவை பொருந்தாது.

9. இரண்டுக்கும் நடுவில்

மரீனா வளவில் ட்ரெய்லரோடு படகை வைத்து, வேண்டும்போது அங்கேயே இறக்கலாம். வீட்டில் இடமில்லாதவருக்கும் நெடுஞ்சாலையில் இழுக்கப் பயப்படுபவருக்கும் இது நல்ல வழி, ஸ்லிப்பைவிட மலிவாகவும் இருக்கும். அடிப்பூச்சும் வேண்டாம். சில இடங்களில் படகைத் தட்டுத் தட்டாக அடுக்கி வைத்து, தொலைபேசியில் சொன்னால் இறக்கித் தருவார்கள். அங்கே ஒரு நாளைக்கு எத்தனை தடவை இறக்கலாம், கடைசி நேரம் எத்தனை மணி என்று கேளுங்கள். மிதவையில் கட்டும் இடம் இன்னும் மலிவு, ஆனால் சிறு தோணியில் போய் ஏற வேண்டும். வயதான அம்மா அப்பாவோடு போகிறவர்களுக்குச் சரிவராது.

வாகனமும் வீடும் இடம் கொடுத்தால், முதல் கோடையில் ட்ரெய்லரோடு தொடங்குங்கள் என்றே சொல்வேன். இடையில் ஓரிரு தடவை, பார்க்கும் மரீனாவில் இரவுக் கட்டணத்துக்கு ஸ்லிப் எடுத்துத் தங்கிப் பாருங்கள். பிடித்துவிட்டால் அடுத்த வசந்தம் வரை காத்திருக்காமல் செப்டெம்பரிலேயே காத்திருப்போர் பட்டியலில் பெயரைக் கொடுங்கள். பழைய வாடிக்கையாளர் புதுப்பிக்கும் திகதி போன பிறகுதான் வெற்றிடம் தெரியும். அந்தத் திகதியைக் கேட்டு, மறுநாள் காலை அலுவலகத்துக்கு அழையுங்கள்.